ஞானகுமாரி எழுதிய எண்ட்-இஃப்

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை போகும் சாலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த சிறிய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1986-ஆம் வருடம் ஒரு மதியம் அங்கே டெம்போவில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை புது மெஷின் வாங்கியதால் பழையதைத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். பெட்டியை உள்ளே தூக்கி வைத்தவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஆவடி மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் அறிவித்தார். அதைக் கேட்டுத்தான் ஞானகுமாரி வந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அப்பா கிறிஸ்துராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டர்னர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். அவள் கணிதம் படித்துவிட்டு அம்பத்தூரில் இரண்டு வருடம் டேட்டா என்ட்ரி பார்த்திருந்தாள். வேகமாகத் தட்டுவாள், தப்பில்லாமல் தட்டுவாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

மெஷினோடு ஒரு மனிதரும் வந்தார். அந்தத் தொழிற்சாலையின் புரோகிராமர் மனோகரன். ஆறு சனிக்கிழமை வந்து, நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வைக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். எழுதியது கோபோல் மொழியில். அருகில் உட்கார்ந்து பார்த்தே ஞானகுமாரி அதைக் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்ததில் அம்மா லூர்தம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாருடி அந்த கோபால்? எந்த ஊர்ப் பையன்?"

அது ஆளில்லை, மொழி என்று புரியவைக்க ஒரு இரவுச் சாப்பாடு முழுவதும் தேவைப்பட்டது.

அந்தப் புரோகிராம் செய்த முக்கியமான வேலை ஒன்றுதான். காசநோய்க்கு மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று பசி எடுக்கத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பிறகு நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். ஆகவே, மாத்திரை வாங்க வேண்டிய நாளைத் தாண்டி ஒரு வாரமாகியும் வராதவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியலாக அச்சிட்டுத் தரும். சத்தியராஜ் அதை வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். நாற்பது வயதுக்காரர், ஆஸ்பத்திரியின் சுகாதாரப் பார்வையாளர். எந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டு வாசலில் நின்று, கெஞ்சியோ திட்டியோ, நோயாளியைத் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்.

1988 பிப்ரவரியில் ஆஸ்பத்திரித் தலைவி டாக்டர் சிஸ்டர் பெனிட்டா ஒரு புதிய ஏற்பாடு செய்தார். பாரிவாக்கம், குத்தம்பாக்கம் பக்கத்து நோயாளிகள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். வேனில் போய் அங்கேயே முகாம் வைத்து மாத்திரை கொடுக்கலாம் என்றார். அதற்கேற்பப் புரோகிராமை மாற்ற வேண்டியிருந்தது. முகாம் நோயாளி என்றால் முகாம் தேதியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரித் தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு, இருவருக்கும் பொதுவாக, நாளைக் கணக்கிட்டு, ஒரு வாரம் தாண்டியிருந்தால் பெயரை அச்சிட வேண்டும். ஞானகுமாரி அதைத் தானே எழுதினாள். மனோகரன் உதவி இல்லாமல் அவள் செய்த முதல் மாற்றம் அது. நாலைந்து ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்தாள். சரியாக வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பட்டியலில் பெயர்கள் குறைந்தன. முகாம் ஊர்களிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

"பார்த்தியா, பக்கத்துல போய்க் குடுத்தா ஒழுங்கா வாங்கிக்கிறாங்க" என்று சிஸ்டருக்குச் சந்தோஷம்.

மே மாதம் ஒரு காலையில் பாரிவாக்கத்திலிருந்து கண்ணம்மா என்ற பெண் தன் கணவன் கஜபதியை மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தாள். அவன் செங்கல் சூளையில் லாரிக்கு ஏற்றும் வேலை செய்பவன். வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவனைக் கட்டிலில் கிடத்தியதும் கண்ணம்மா வராந்தாவில் நின்று கத்தத் தொடங்கினாள்.

"மூணு மாசமா அது மாத்தர துன்றதில்ல. வேணாம்னு சொல்லிட்டு வேலைக்குப் பூட்ச்சு. நான் சொன்னா கேக்குமா? முன்னல்லாம் அந்த சைக்கிள்காரரு வந்து மெரட்டுவாரு, பயந்துகினு வரும். இப்போ எங்க போனாரு அவுரு? எங்க ஊடு மறந்து பூட்ச்சா?"

சிஸ்டர் சத்தியராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பட்டியல்களை எடுத்துக் காட்டினார். எதிலும் கஜபதியின் பெயர் இல்லை.

"பேரே வரல சிஸ்டர். வந்திருந்தா போகாம இருப்பேனா?"

சிஸ்டர் நம்பவில்லை. மெஷின் தப்பாகச் சொல்லாது என்று அவர் நினைத்தார். பட்டியல் தாளைச் சத்தியராஜ் மாற்றி வைத்திருப்பார் என்றுகூடச் சந்தேகப்பட்டார். மறுநாள் சத்தியராஜ் கையில் மெமோ கொடுக்கப்பட்டது. பதினாறு வருட வேலையில் முதல் மெமோ. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞானகுமாரி அன்று மதியம் சாப்பிடவில்லை. தான் பிப்ரவரியில் எழுதிய வரிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தெரிந்தது. ஐந்தாவது தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

அந்தப் பழைய கோபோலில் 'இஃப்' என்று தொடங்கும் ஒரு நிபந்தனை எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரே வழிதான் உண்டு. கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 'இல்லாவிட்டால் ஆஸ்பத்திரித் தேதியைப் பார்' என்ற வரியின் முடிவில் அவள் அந்தப் புள்ளியை வைக்க மறந்திருந்தாள். அதனால், நாளைக் கணக்கிடு, பெயரை அச்சிடு என்று கீழே இருந்த இரண்டு வரிகளும் அந்த 'இல்லாவிட்டால்' பகுதியோடு ஒட்டிக்கொண்டன. தாளில் அவள் அவற்றைத் தள்ளித்தான் எழுதியிருந்தாள். கண்ணுக்குத் தனியாகத்தான் தெரிந்தன. மெஷின் புள்ளியை மட்டும்தான் பார்த்தது. முகாம் நோயாளி என்றால் தேதியை எடுத்துக்கொண்டு அப்படியே அடுத்தவருக்குப் போய்விட்டது. யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கிடவே இல்லை.

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக சிஸ்டர் அறைக்குப் போனாள்.

"சத்தியராஜண்ணன் மேல தப்பில்ல சிஸ்டர். நான்தான். இங்க ஒரு புள்ளி வைக்கல."

சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரு புள்ளியா?" என்றார். பிறகு, "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

புள்ளியை வைத்து மறுபடி ஓட்டியபோது பத்தொன்பது பெயர்கள் வந்தன.

மறுநாளிலிருந்து முகாம் வேனில் ஞானகுமாரியும் சத்தியராஜோடு போனாள். மெமோ திரும்பப் பெறப்பட்டிருந்தது. ஆனாலும் அவர் அவளிடம் பேசவில்லை. வழி சொல்லும்போது டிரைவரிடம் மட்டும் பேசினார். பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் கிடைத்தார்கள், மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டு பேர் ஊரை விட்டே போயிருந்தார்கள். கஜபதியும் இன்னொருவரும் கட்டிலில் கிடந்தார்கள்.

மீதமிருந்த பெயர் வேம்புலியம்மாள். குத்தம்பாக்கத்தில் அவள் வீட்டு வாசலில் அக்கா அங்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமி நாகவல்லி, வேம்புலியம்மாளின் மகள்.

"ஏப்ரல்ல செத்துட்டா" என்றாள் அங்கம்மா, முறத்தை நிறுத்தாமல். "அவ வரல. நீங்களும் வரல."

ஞானகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோபோல், புள்ளி என்றெல்லாம் அந்த வாசலில் எப்படிச் சொல்வது? "என் தப்புக்கா" என்று மட்டும் சொன்னாள். அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பெண்ணுக்கும் தன் தங்கை சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. "நீ இன்னாம்மா பண்ணுவே" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் சத்தியராஜ் முதல் தடவையாக அவளிடம் பேசினார். "அழாதம்மா. எனுக்கும் ஒரு யோசன வந்திருக்கணும். ஒரு ஊர்ல ஒருத்தன்கூட மாத்தரய உடாம துன்றான்னா, அது நடக்குற காரியமா? நானும் ஒரு தபா போய்ப் பாத்திருக்கணும்."

அந்த வருடம் பள்ளி திறந்தபோது, சிஸ்டர் நாகவல்லியைக் கன்னியர் விடுதியில் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மெஷின் பட்டியலைத் தந்ததும், ஞானகுமாரி முகாம் நோட்டையும் ஆஸ்பத்திரி நோட்டையும் விரித்து வைத்துக் கையால் ஒருமுறை சரிபார்த்தாள். அரை நாள் ஆகும். அப்படியானால் மெஷின் எதற்கு என்று லேப் டெக்னீஷியன் பிரகாசம் கேலி செய்தான். அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் புரோகிராமில் எதையாவது மாற்றச் சொன்னால் அவள் நாளைத் தள்ளிப்போட்டாள். ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை வந்தால் இன்னும் மோசம். உள்ளே இருப்பதை மூடப் புள்ளி வைத்தால் வெளியே இருப்பதும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

1989-இல் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடியில் மனோகரன் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் ஞானகுமாரி அங்கே போனாள். ஒரு நாள் அவர், கோபோலின் புதிய வடிவம் வந்துவிட்டது, நம் எஸ்டேட்டில் இன்னும் எவரிடமும் இல்லை என்று சொல்லி, கரும்பலகையில் ஒரு இஃப் எழுதினார். அது முடிகிற இடத்தில் 'எண்ட்-இஃப்' என்று எழுதினார்.

"இனிமே புள்ளியை நம்ப வேண்டாம். எந்த இஃப் எங்க முடியுதுன்னு வாயைத் திறந்தே சொல்லிடலாம்."

மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஞானகுமாரி எழுதாமல் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனாள்.

"சார், இது எங்க ஆஸ்பத்திரி மெஷின்ல ஓடுமா?"

"எப்படிம்மா ஓடும்? அதுல இருக்கிறது எழுபத்துநாலாம் வருஷத்து கோபோல். இது எண்பத்தஞ்சு. நாம எழுதறதை மெஷினுக்குப் புரியவைக்கிற அந்தக் கம்பைலருக்கு இந்த வார்த்தையே தெரியாது."

"அதுக்குத் தெரிஞ்ச வார்த்தையா மாத்திக் குடுத்தா?"

"யாரு மாத்துவா?"

"நான் புதுசு மாதிரியே எழுதுறேன் சார். கம்பைலருக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னொரு புரோகிராம் அதைப் படிச்சு, பழைய மாதிரி மாத்தி எழுதட்டும்."

மனோகரன் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "புது மெஷின் வந்தா எல்லாம் தானா வந்துடும். அதுக்குள்ள எதுக்கும்மா இந்தப் பாடு?"

"எப்ப சார் வரும்?"

அவர் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

இப்படி ஒரு புரோகிராம் எழுதச் சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். திங்கட்கிழமைப் பட்டியல் ஒரு வாரம்கூட நிற்கக் கூடாது. ஞானகுமாரி மதிய இடைவேளைகளிலும், ஆவடி பஸ் வரும்வரை மாலையிலும் எழுதினாள். அந்த மாற்றும் புரோகிராமையும் பழைய கோபோலில்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால் அதில் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள்.

யோசனை எளிமையானதுதான். புரோகிராம் ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இஃப் வந்தால் அதற்கு ஒரு எண் கொடுத்து அடுக்கில் வைக்கும். எண்ட்-இஃப் வந்தால் அடுக்கின் மேலே இருப்பதை எடுத்து மூடும். அவற்றுக்குப் பதிலாக, 'நிபந்தனை பொருந்தாவிட்டால் இந்தப் பெயருள்ள இடத்துக்குப் போ' என்று, பழைய கம்பைலருக்குத் தெரிந்த சொற்களில் எழுதிவிடும். போய்ச் சேர வேண்டிய இடங்களுக்கும் அதுவே பெயர் வைக்கும்.

மூன்று மாதம் கழித்து, பட்டியல் புரோகிராமைப் புதிய முறையில் எழுதி, மாற்றி, ஓட்டினாள். பிழை எதுவும் காட்டாமல் ஓடியது. ஒரே ஒரு பெயரை அச்சிட்டுவிட்டு நின்றது.

அப்பாவு, சென்னீர்குப்பம்.

தற்செயலாக உள்ளே வந்த சத்தியராஜ் தாளை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஜில்லாவுலயே அப்பாவு ஒருத்தருக்குத்தான் நோவு கீதா?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பழைய பட்டியல் கீதில்ல? அத்த குடு, நான் கெளம்பறேன். நீ நிதானமாப் பாரு."

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, ஒரு பழைய அச்சுத்தாளின் பின்பக்கத்தில் அம்புக்குறிகள் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. கோபோலில் ஒரு வேலையை ஒரு பத்தியாக எழுதி, 'இந்தப் பத்தியைச் செய்துவிட்டுத் திரும்பி வா' என்று சொல்வார்கள். புதிய பெயர் ஒன்று தொடங்கினால், பழைய பத்தி அதோடு முடிந்தது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அவளுடைய புரோகிராம் நடுநடுவே பெயர்களை வைத்ததால் ஒரு பத்தி மூன்று துண்டுகளாகியிருந்தது. முதல் துண்டிலிருந்து வெளியே குதித்த மெஷின், திரும்பி வரும் இடத்தைத் தொடவே இல்லை. அப்படியே கீழே இறங்கிப் போய், கோப்புகளை மூடி, நின்றுவிட்டது. பாவம் அப்பாவு மட்டும் அகப்பட்டார்.

யோசித்துக்கொண்டிருந்ததில் இரண்டு பஸ்களைத் தவறவிட்டிருந்தாள். மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்து, பருத்திப்பட்டு வருவதற்குள் வழியும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ஒரு முடிவுப் பெயரைத் தானே வைத்துவிட வேண்டும். 'இந்தப் பத்தியைச் செய்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'இங்கிருந்து அந்த முடிவு வரை செய்' என்று மாற்றிவிட வேண்டும். பழைய கோபோலிலேயே அதற்கு இடம் இருந்தது.

1990 ஜனவரியில் இரண்டு புரோகிராம்களின் பட்டியல்களும் நாலு வாரம் தொடர்ந்து ஒன்றுபோலவே வந்தன. அதன்பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். 1988 பிப்ரவரியில் தான் தவறு செய்த அதே பகுதியைப் புதிய முறையில் எழுதி, வேண்டுமென்றே ஒரு எண்ட்-இஃபை விட்டுவிட்டு மெஷினுக்குக் கொடுத்தாள். மாற்றும் புரோகிராம் அந்த வரியின் எண்ணைக் காட்டி, இங்கே தொடங்கிய இஃப் மூடப்படவில்லை என்று சொல்லி, மேற்கொண்டு எதையும் எழுத மறுத்தது. உண்மையான புதிய கோபோல்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை. அந்தக் கண்டிப்பு அவள் சேர்த்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த வாரம் நோட்டைப் பிரித்துச் சரிபார்ப்பதை நிறுத்தினாள்.

கேள்விப்பட்டு மனோகரன் வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

"எங்க பிளான்ட் ரெண்டுல இதே பழைய மெஷின் ஒண்ணு கிடக்குது. ஒரு பிளாப்பியில போட்டுக் குடும்மா."

"எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டீங்களே சார்?"

"கேட்டேன். அதுக்கென்ன இப்ப? குடு" என்றார்.

அவர் மூலமாக அது எஸ்டேட்டில் நாலைந்து இடங்களுக்குப் போனது. யார் எழுதியது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. மனோகரனிடம் படித்தவர்கள் மட்டும் அதைக் 'குமாரி புரோகிராம்' என்றார்கள். 1991-இல் அவளுக்கும், நோட்டைப் பார்த்துக் கேலி செய்த பிரகாசத்துக்கும் கல்யாணமானது. கஜபதி ஒரு நுரையீரல் பழுதானாலும் பிழைத்து, சூளைக்கு வாட்ச்மேனாகத் திரும்பினான்.

1994-இல் ஆஸ்பத்திரிக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது, புதிய கோபோலோடு. மற்ற இடங்களில் பழைய புரோகிராம்களைத் திருத்தி எழுத மாதக்கணக்கில் ஆகிக்கொண்டிருந்தது. ஞானகுமாரியிடம் இருந்ததெல்லாம் ஏற்கெனவே புதிய முறையில் எழுதப்பட்டவை. மாற்றும் புரோகிராமை ஒதுக்கி வைத்துவிட்டு நேராகவே கொடுத்தாள். வந்த பிழைகளெல்லாம் ஒரே வார்த்தையால் வந்தவை. சளிப் பரிசோதனைக்கு அவள் 'டெஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தாள். புதிய கோபோல் அந்த வார்த்தையைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பெயரை மாற்றினாள். மதியச் சாப்பாட்டுக்குள் பட்டியல் வந்துவிட்டது.

நாலு வருடம் உழைத்த அந்தப் புரோகிராமுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. வருத்தமாக இருக்கிறதா என்று பிரகாசம் கேட்டான்.

"இல்லங்க. என்னைக்காவது தேவையில்லாமப் போகணும்னுதானே எழுதினேன்" என்றாள்.

1998-இல், இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள் வருடத்தை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த உலகத்துப் பழைய புரோகிராம்களையெல்லாம் சரிசெய்ய வேண்டுமென்று கம்பெனிகள் கோபோல் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தன. அம்பத்தூரில் மனோகரன் சேர்ந்திருந்த ஒரு கம்பெனி அவளையும் அழைத்தது. ஆஸ்பத்திரி வேலையை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தாறு வயதில் அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். சுற்றிலும் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள்.

முதல் நாள் அவளிடம் கொடுத்தது ஏதோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் இருபது வருடப் பழைய புரோகிராம். ஒரு கட்டுத் தாள். எண்ட்-இஃப் எங்கேயும் இல்லை. குதித்துக் குதித்துப் போகும் வரிகள், புள்ளிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அய்யய்யோ, யாரு மேடம் இப்படியெல்லாம் எழுதுவாங்க?"

"அவங்ககிட்ட இருந்ததை வச்சு எழுதியிருக்காங்கம்மா" என்றாள் ஞானகுமாரி. பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.